தமிழில் எழுதினால் எந்தக் கதிரை?

ரொறன்ரோவில் தமிழ்ப் புத்தக வெளியீடுகளுக்குப் போய்ப் பழகியவருக்கு, வேறு எந்த இலக்கியக் கூட்டத்துக்குப் போனாலும் முதல் கொஞ்ச நேரம் இருப்புக்கொள்ளாது. மங்கள விளக்கைக் காணவில்லை. அகவணக்கம் இல்லை. கனடிய கீதமும் தமிழ்த்தாய் வாழ்த்தும் பாடுவதற்கு, பட்டுப்பாவாடை உடுத்த பிள்ளைகளை மேடையோரம் நிறுத்தி வைத்திருக்கவில்லை. பத்து மணி என்று போட்டால் பத்து மணிக்கே தொடங்கிவிடுகிறார்கள். தலைமையுரை, வாழ்த்துரை, ஆசியுரை, வெளியீட்டுரை, ஆய்வுரை, ஏற்புரை என்ற வரிசையும் கிடையாது. மூன்று எழுத்தாளர்கள், கேள்வி கேட்க ஒருவர், நாலு கதிரை, நாலு தண்ணீர்ப் போத்தல். ஒரு மணித்தியாலத்தில் எல்லாம் முடிந்து சனம் புத்தக மேசைக்குப் போய்விடுகிறது. கோவிட்டுக்கு முந்திய கடைசி வருடம் ரொறன்ரோவுக்குப் பக்கத்துப் பிரம்டனில் ஃபோல்ட் விழாவுக்குப் போனபோது எனக்கு முதலில் உறைத்தது இதுதான். விழா நல்ல விழா. இதைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன், ஏனென்றால் கீழே வருவதை அந்த விழாவின் மேல் வைக்கும் குறையாக யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது. ஆனால் அங்கே காதில் விழுந்த ஒரு சின்னப் பேச்சு இன்றுவரை எனக்குச் செரிக்கவில்லை.

ஃபோல்ட் என்பது இலக்கியப் பன்மை விழா என்பதன் சுருக்கம். கனடியப் பதிப்புலகமும் விழாக்களும் ஒரே வகையான ஆட்களையே திரும்பத் திரும்ப மேடையேற்றுகின்றன என்ற மனக்குறையில் பிறந்தது. முதல் விழா 2016 மே மாதம் நடந்தது. கறுப்பின எழுத்தாளர்கள், பூர்வகுடி எழுத்தாளர்கள், ஆசியர், அரபு நாடுகளிலிருந்து வந்தவர்கள், மாற்றுத்திறனாளிகள், பால்புதுமையினர் என்று வழமையான விழாக்களில் ஒரு அமர்வுக்குள் அடக்கிவிடுகிற அத்தனை பேருக்கும் முழு விழாவையே கொடுத்தார்கள். தொடங்கியவர் ஜேயல் ரிச்சர்ட்சன் என்ற எழுத்தாளர். அவருடைய தகப்பன் சக் ஈலியின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. பந்தைக் கையில் பிடித்து ஓடும் அமெரிக்கக் கால்பந்தில், பல்கலைக்கழக அணிக்காகத் தான் தொடங்கி ஆடிய 35 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காதவர். ஆனாலும் கறுப்பர் ஒருவரை அணியை நடத்தும் குவாட்டர்பாக்காக எடுக்க அன்றைய அமெரிக்கத் தொழில்முறை அணிகளுக்கு மனம் வரவில்லை. அணிக்குள் வேறு நிலையில் ஆட அவர் சம்மதிக்கவில்லை. 1972இல் எல்லை தாண்டி ஹமில்டனுக்கு வந்து, வந்த முதல் வருடமே அந்த அணிக்குக் கனடாவின் கிரே கோப்பையை வாங்கிக் கொடுத்தார். இப்படிப்பட்டவரின் மகள் விழா தொடங்கினால் அது எப்படி இருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நடத்த இடம் பிடித்ததிலும் ஒரு நியாயம் இருக்கிறது. ரொறன்ரோ நகர மையத்து ஆட்கள் பிரம்டன் என்றால் முகத்தைச் சுளிப்பார்கள். ஆறரை இலட்சம் பேர் வாழும் அந்த நகரத்தில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் தெற்காசியர்கள். விழா முழுவதும் பின்வரிசையில் இருந்து மாம்பழ லஸ்ஸி குடித்துக்கொண்டிருந்த குடும்பத்தை வேறு எந்தக் கனடிய இலக்கிய விழாவில் பார்க்கலாம்?

நான் போன அமர்வு குடும்பக் கதைகளை நாவலாக எழுதுவது பற்றியது. அது நடக்கும் நிலம் 1818ஆம் ஆண்டு உடன்படிக்கைக்கு உட்பட்டது என்றும், மிசிசாகா மக்களின் பூர்வீக நிலம் என்றும் வாசித்துவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தார்கள். நடத்தியவர் மூன்று நாவல்களையும் முழுதாக வாசித்திருந்தார். இது பெரிய விஷயமா என்று கேட்பீர்கள். எங்கள் மேடைகளில் 'நூலை முழுமையாக வாசிக்க நேரம் கிடைக்கவில்லை, இருந்தாலும்' என்று தொடங்கி நாற்பது நிமிடம் பேசக்கூடிய ஆய்வுரையாளர்களைக் கேட்டு வளர்ந்த எனக்கு அது பெரிய விஷயம்தான். ஒரு பாத்திரம் 112ஆம் பக்கத்தில் ஏன் கதவைச் சாத்தாமல் போகிறது என்று அவர் கேட்டார். எழுதியவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அதை இதுவரை யாரும் கேட்கவில்லை என்றார். அந்த ஒரு கேள்விக்காகவே நாலு நெடுஞ்சாலை மாறிக் காரோட்டி வந்தது வீண் போகவில்லை என்று நினைத்தேன்.

மேடையின் இடப்பக்கம் கறுப்பு உடுப்பில் ஒரு பெண் நின்றபடி, பேசப்படுவதை எல்லாம் சைகை மொழியில் சொல்லிக்கொண்டிருந்தார். முன்வரிசையில் இரண்டு பேருக்காக. நான் மேடையில் இருந்தவர்களைப் பார்த்ததை விட அவரைப் பார்த்ததுதான் கூட. எழுத்தாளர் சிரித்தால் இவர் தோளும் குலுங்கும். ஒருவரை ஒருவர் இடைமறித்துப் பேசினால் இவர் உடம்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி, யார் பேசுகிறார் என்பதையும் காட்டுவார். இருபது நிமிடம் போனதும் இன்னொரு பெண் எழுந்து வர, முதலாமவர் அரை வசனத்தில் விட்டதை அவர் அப்படியே தொட்டுக்கொண்டு போனார். களைத்துப்போன கை பிழையாகச் சொல்லிவிடும் என்பதால் இப்படி மாறுவார்களாம். இரண்டு வாசகர்களுக்கு இரண்டு பேர், சம்பளம் கொடுத்து. அப்போது இதைப் பெரிதாக நினைக்கவில்லை. பிறகுதான் நினைத்தேன்.

"உன்ர வேலை"

எனக்குப் பக்கத்தில் ஒரு பஞ்சாபி அம்மா இருந்தார். எழுபதைத் தாண்டியிருக்கும். வெள்ளைத் துப்பட்டா, காலில் ஓடுகிற சப்பாத்து. மடியில் பள்ளிக்கூடக் கொப்பி, அதில் நிறுத்தாமல் எழுதிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்க்கக்கூடாதுதான், பார்த்தேன். குர்முகி எழுத்து. கோட்டின் மேல் நிற்காமல் கோட்டைப் பிடித்துத் தொங்குகிற எழுத்துகள். மேடையில் ஆங்கிலம் போக, இவர் கொப்பியில் பஞ்சாபி ஏறுகிறது. அவருக்கு அந்தப் பக்கத்தில் பேத்தி, பல்கலைக்கழக வயது. இடைக்கிடை கிழவி குனிந்து எதையோ கேட்பார், பேத்தி காதுக்குள் சொல்வார், கொப்பியில் இன்னும் ஒரு வரி ஏறும்.

இடைவேளையில் கதைத்தோம். அவருக்கு வந்த ஆங்கிலமும், எனக்கு வராத பஞ்சாபியும், நடுவில் பேத்தியும். கவிதை எழுதுவாராம். ஊரில் ஆசிரியராக இருந்தவர், லூதியானாப் பக்கம். இங்கே வந்த பிறகுதான் அதிகம் எழுதினாராம், பனிக்காலத்தில் வேறு என்ன செய்வது என்று சிரித்தார். முதியோர் சங்கத்தில் வாசிப்பாராம். நானும் எழுதுவேன், தமிழில், என்றேன். தமிழ் எங்கே பேசுவது என்று கேட்பார் என எதிர்பார்த்தேன், கேட்கவில்லை. கையை நீட்டி என் முழங்கையைப் பிடித்து, "நல்லது" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு மேடையைக் காட்டிப் பேத்தியிடம் ஏதோ கேட்டார். பேத்தி சங்கடப்பட்டுச் சிரித்தார். என்ன கேட்டார் என்றேன். "அந்தக் கதிரையில் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார். ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்று சொன்னேன்."

கிழவி விடவில்லை. கொப்பியைத் தட்டித் தட்டிப் பேசினார். பேத்தி எனக்காகச் சொல்லிக்கொண்டே வந்தார். எழுதுகிற வேலையைத் தான் முடித்துவிட்டாராம். அதை ஆங்கிலத்தில் போடுவது தன் வேலையில்லை, பேத்தியின் வேலையாம். அவ்வளவு செலவழித்துப் படிக்க வைத்தது பிறகு எதற்கு? பேத்தி பதில் சொல்லக் கொஞ்ச நேரம் எடுத்தார். முதலில் பாட்டிக்குப் பஞ்சாபியில், பிறகு எனக்கு ஆங்கிலத்தில். "பேசுவது விளங்கும். அந்த எழுத்து எனக்கு வாசிக்கத் தெரியாது."

அதற்குள் அடுத்த அமர்வுக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். மேடையில் இருந்த இளம் எழுத்தாளர் ஒருவர், தன் நாவலின் பாதி அம்மம்மா சொன்ன கதைகள் என்று முன்னர் சொல்லியிருந்தார், எல்லோரும் கை தட்டினோம். நான் வீடு திரும்பும்போது யோசித்தது அதைப் பற்றித்தான். அம்மம்மா சொன்னால் கதை. பேத்தி எழுதினால் நாவல். அம்மம்மாவே எழுதிவிட்டால் அதற்குப் பெயர் என்ன, அது எந்த அலுமாரியில் போகும்? எங்கள் வீடுகளில் மூத்தவர்களைப் பற்றி ஒரு படம் இருக்கிறது: அவர்கள் சொல்வார்கள், பிள்ளைகள் எழுதுவார்கள். ஆனால் ரொறன்ரோவிலும் அதைச் சுற்றியும், ஸ்காபரோவில், மார்க்கம் நகரத்தில், பிரம்டனில், அவர்கள் எழுதியும் வைத்திருக்கிறார்கள். அடிநிலத் தளத்து அறைகளில் அச்சடித்த பெட்டிகள் அடுக்கில் இருக்கின்றன. பேரப்பிள்ளைகள் அந்தப் பெட்டிகளின் மேல் ஹாக்கி மட்டையைச் சாத்தி வைக்கிறார்கள்.

ஆளுநர் விருதும் அடுத்த மாகாணமும்

இது தனி ஒரு விழாவின் விஷயம் இல்லை என்று மேலே சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. கனடாவில் எழுத்தாளருக்கான பெரிய அரச அங்கீகாரம் கவர்னர் ஜெனரல் விருது. 1936இல் தொடங்கினார்கள். ஆங்கிலத்தில் ஏழு பிரிவு, பிரெஞ்சில் ஏழு பிரிவு, வென்றவருக்கு 25,000 டாலர். மொழிபெயர்ப்புக்கும் பிரிவு உண்டு. ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்கு ஒன்று, பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு ஒன்று. கியூபெக்கில் எழுதினதை ஒன்ராறியோவில் வாசிக்க அரசு பணம் வைத்திருக்கிறது, அது நல்ல காரியம். ஆனால் ஸ்காபரோவில் இருந்துகொண்டு, ஸ்காபரோவைப் பற்றி, ஸ்காபரோவில் அச்சடித்து, தமிழில் வந்த நாவலுக்கு அந்தப் பட்டியலில் நுழைய வழியே இல்லை. எழுதியவர் குடியுரிமை பெற்றவர், வரி கட்டுகிறவர், பனி வழிக்கிறவர். புத்தகம் மட்டும் இன்னும் விசா வாங்கவில்லை.

பஞ்சாபிக்காரர் இதற்கு அழுதுகொண்டிருக்கவில்லை. 2013இல் வன்கூவரில் டாஹான் பரிசு என்று ஒன்றைத் தொடங்கினார்கள். பஞ்சாபிப் புனைகதைக்கு, இந்தியப் பஞ்சாபின் குர்முகி எழுத்தில் எழுதினாலும் பாகிஸ்தான் பஞ்சாபின் ஷாமுகி எழுத்தில் எழுதினாலும் சரி, 25,000 கனடிய டாலர். கவர்னர் ஜெனரல் கொடுக்கிற அதே தொகை, தற்செயலாக இருக்கும் என்று நான் நம்பவில்லை. எங்களிடமும் இருக்கிறது. 2001இல் தொடங்கிய கனடா தமிழ் இலக்கியத் தோட்டம் இயல் விருதை உலகத் தமிழ் எழுத்தாளர்களுக்கெல்லாம் ரொறன்ரோவிலிருந்து கொடுத்து வருகிறது. ஆக, தமிழில் எழுதினவரைத் தமிழர் மதிக்க ஏற்பாடு உண்டு. ஆங்கிலத்தில் எழுதின தமிழரைக் கனடியர் மதிக்க ஏற்பாடு உண்டு. 2010இல் சன் சீ கப்பலில் 492 தமிழ் அகதிகள் பிரிட்டிஷ் கொலம்பியாக் கரைக்கு வந்து சேர்ந்ததைப் பின்னணியாக வைத்து 2018இல் ஒரு ஆங்கில நாவல் வந்தது, நாடு முழுக்க அதைப் பற்றிப் பேசியது. எழுதியவரும் தமிழ்ப் பின்னணி உள்ளவர்தான், சந்தோஷம். இரண்டு அறையும் வெளிச்சமாக இருக்கிறது. இடையில் உள்ள நடைபாதையில்தான் மின்குமிழ் இல்லை.

ஒரு காலத்தில் அந்தப் பாதையில் ஒரு ஆள் நடந்தார். செல்வா கனகநாயகம். ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியர். ஈழத்துத் தமிழ் எழுத்தை ஆங்கிலத்தில் தொகுத்து 2001இல் கொண்டு வந்தார். வின்சர் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிற சேரனின் கவிதைகளை மொழிபெயர்த்து, தமிழும் ஆங்கிலமும் பக்கம் பக்கமாக, 2011இல் ரொறன்ரோவிலேயே ஒரு சின்னப் பதிப்பகத்தில் வெளியிட்டார். இரண்டு வருடம் கழித்து அதே சேரனின் இன்னொரு தொகுப்பு ஆங்கிலத்தில் வந்தபோது மொழிபெயர்த்தவர் இங்கிலாந்தில் இருந்த லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ரோம், வெளியிட்டதும் இங்கிலாந்துப் பதிப்பகம். அதாவது ஒன்ராறியோவில் வாழும் கவிஞரை ஒன்ராறியோக்காரர் வாசிக்க, கவிதை அத்திலாந்திக்கைத் தாண்டிப் போய்த் திரும்ப வந்தது. செல்வா 2014இல் காலமானார். லக்ஷ்மி 2016இல். இருவர் போனதும் எவ்வளவு வெளித்துப்போனது என்று யோசித்தால்தான், இத்தனை வருடம் எத்தனை பேரை நம்பிக்கொண்டிருந்தோம் என்பது விளங்கும். இது ஒரு சமூகத்தின் ஏற்பாடு இல்லை. இரண்டு தனி ஆட்களின் பிடிவாதம்.

கடித உறைக்குள் இருக்கும் காசு

இதை நான் ஒரு நண்பரிடம் சொன்னேன். ஸ்காபரோவில் நடக்கிற வெளியீடுகளில் பாதியை ஒழுங்குசெய்கிறவர். மண்டபம், ஒலிவாங்கி, விளம்பரம், வடை, எல்லாம் அவர் பொறுப்பு. எங்கள் வெளியீடுகளுக்கு வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே புத்தகம் விற்பதில்லை, 'சிறப்புப் பிரதி' வழங்குவோம். பெயரை வாசிக்க வாசிக்க ஒவ்வொருவராக மேடைக்குப் போய், கடித உறையைக் கொடுத்து, புத்தகத்தை வாங்கி, எழுத்தாளரோடு நின்று படம் எடுத்துவிட்டு இறங்குவார்கள். புத்தகத்தின் விலை 20 டாலர் என்றால் உறைக்குள் 50 இருக்கும், 100 இருக்கும். அச்சுச் செலவு அங்கேயே தீர்ந்துவிடும். வெளியாட்களுக்கு இது வேடிக்கையாகத் தெரியலாம். எனக்கு அதில் மரியாதை உண்டு. அரசின் ஒரு சதம் இல்லாமல் ஒரு மொழியின் இலக்கியத்தை நாற்பது வருடமாக ஓட்டிக்கொண்டு வந்த முறை அது.

ஆகவே எங்களிடம் காசு இல்லை என்ற கதை வேண்டாம். ரொறன்ரோப் பல்கலைக்கழக ஸ்காபரோ வளாகத்தில் தமிழ் இருக்கைக்கு மூன்று மில்லியன் டாலர் சேர்ந்தது. அதற்கு முன் ஹாவர்ட் இருக்கைக்கு ஆறு மில்லியன், அதிலும் கனடாக் காசு இருந்தது. ஐம்பதாயிரம் சொல் உள்ள ஒரு நாவலை நல்ல மொழிபெயர்ப்பாளர் ஒருவர் சொல்லுக்கு 20 சதம் வாங்கிச் செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள், 10,000 டாலர். வருடத்துக்கு ஒரு நாவல். பெரிய மண்டபத்தில் நடக்கிற ஒரு பூப்புனித நீராட்டு விழாவில் அலங்காரத்துக்குப் போகிற காசு.

நண்பர் பொறுமையாகக் கேட்டார். பிறகு கேட்டார்: "ஏன் அண்ணை இங்கிலீசில வரவேணும்? நாங்கள் எழுதுறது எங்கட சனத்துக்கு. வெள்ளைக்காரன் வாசிச்சாத்தான் இலக்கியமோ?"

லேசாகத் தள்ளிவிடக்கூடிய கேள்வி இல்லை இது. தமிழில் எழுதுகிற பலருக்கு ஆங்கிலத்தின் முன் கை கட்டி நிற்க விருப்பமில்லை, எனக்கும் இல்லை. மொழிபெயர்ப்பு வந்ததும் எழுத்தே மாறிப்போன ஆட்களையும் கண்டிருக்கிறேன். வெளியாளுக்கு விளங்க வேண்டுமென்று புட்டுக்கும் பொழிப்புரை எழுதத் தொடங்குவார்கள். ஆனால் நான் நினைத்துக்கொண்டிருந்தது வெள்ளைக்காரனை இல்லை. "எங்கட சனம் எண்டு சொல்லுறியள், உங்கட மகள் எங்கட சனம் இல்லையோ?" என்றேன். மகள் வழக்கறிஞர், நிறைய வாசிக்கிறவர், தகப்பன் ஒழுங்குசெய்த வெளியீடு ஒவ்வொன்றுக்கும் சின்ன வயதில் வந்து பாட்டுப் பாடியவர். தமிழ் பேசுவார். ஒரு பக்கம் வாசிக்க அரை மணித்தியாலம் வேண்டும், அதிலும் பாதிதான் விளங்கும். தகப்பன் மேடையேற்றிய இத்தனை புத்தகங்களில் ஒன்றைக்கூட அவர் வாசித்ததில்லை. அவர் வாசிக்காதது தமிழ் மேல் வெறுப்பால் இல்லை. சனிக்கிழமை காலை இரண்டு மணித்தியாலத் தமிழ் வகுப்பு நாவல் வாசிக்கும் அளவுக்கு யாரையும் கொண்டுபோய் விடாது, அவ்வளவுதான். மொழிபெயர்ப்பு அவருக்குத்தான் வேண்டும். அவர் ஃபோல்ட் மாதிரி விழாக்களுக்குப் போகிறவர். அங்கே தன் ஊரை, தன் ஆட்களைப் பற்றி, தன் வயது ஆட்கள் ஆங்கிலத்தில் எழுதினதைத் தேடித் தேடி வாங்குகிறார். அதே ஊரைப் பற்றி, அதை விட்டு வந்தவரே எழுதின புத்தகம் கீழே அடிநிலத் தளத்தில் பெட்டிக்குள் இருப்பது அவருக்குத் தெரியாது.

நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தேத்தண்ணி போடட்டோ என்று கேட்டார். அவர் அப்படித்தான், பதில் இல்லாவிட்டால் தேத்தண்ணி. குடித்துக்கொண்டிருக்கும்போது, வருகிற வெளியீட்டில் உறைகளைச் சேர்க்கும் மேசையில் இன்னொரு பெட்டி வைக்கலாமோ என்று கேட்டுப் பார்த்தேன். மொழிபெயர்ப்புக்கு என்று எழுதி. பாரிய திட்டமெல்லாம் வேண்டாம், ஒரு சிறுகதையில் தொடங்கலாம், நல்லதாக ஒன்றைத் தெரிந்தெடுத்து, சம்பளம் கொடுத்து, காலக்கெடு வைத்து. இதை இலவசமாகச் செய்யச் சொல்லி யாரையும் கேட்கக்கூடாது என்பதில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். தமிழுக்குத் தொண்டு என்று சொல்லி வேலை வாங்கி வாங்கித்தான் மொழிபெயர்க்கக்கூடிய பிள்ளைகள் எல்லாம் வங்கி வேலைக்குப் போய்விட்டார்கள்.

"வைக்கலாம்" என்றார். "ஆனா ஏன் வைக்கிறம் எண்டு நீங்கள்தான் மேடையில ஏறிச் சொல்லவேணும்."

சரி என்றேன். எத்தனை நிமிடம் தருவீர்கள் என்று கேட்டேன். கைப்பேசியில் நிகழ்ச்சி நிரலைத் திறந்து மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.

"பேச்சாளர் ஏற்கெனவே பதினொரு பேர் இருக்கினம் அண்ணை. வாழ்த்துரையில போடுறன், மூண்டு நிமிசம்."